சொல்லாமையும் சாட்சியும்: மெலானி ஸ்பிட்டாவின் ஆவணப்படங்கள்

மெலானி ஸ்பிட்டா 1946இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் ஒரு சிண்டிக் குடும்பத்தில் பிறந்தார். 2005இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் இறந்தார். 1980க்கும் 1987க்கும் இடையில் கத்ரின் சேபோல்ட் என்னும் ம்யூனிக் இயக்குநரோடு சேர்ந்து நான்கு ஆவணப்படங்களை உருவாக்கினார். படைப்பு வாழ்க்கை என்று சொல்ல எண்ணிக்கை குறைவுதான். ஆனால் நாஜி ஆட்சியில் ரோமா, சிண்டி மக்களுக்கு நேர்ந்ததை அந்த மக்களுள் ஒருவரே கேட்டு, பிழைத்தவர்களின் வாயாலேயே சொல்லவைத்த முன்னோடிப் படங்கள் அவை. அவற்றின் அடியில் ஒரு கடினமான கேள்வி கிடக்கிறது. இறந்தவர்களைப் பற்றிப் பேசாதிருப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நம்பும் ஒரு சமூகம், அந்த இறப்புகள் கொலைகள்தாம் என்பதை அரசும் நீதிமன்றமும் மறுக்கும்போது என்ன செய்ய வேண்டும்? பேசினால் மரபு குலைகிறது. பேசாவிட்டால் கொலைக்குச் சாட்சி இல்லாமல் போகிறது.

ஜெர்மன் பேசும் நிலப்பகுதிகளில் ஏறத்தாழ 600 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் மக்கள் சிண்டிகள்; ரோமா என்னும் பெருங்குடும்பத்தின் ஒரு கிளை. பெயரின் ஒலியைக் கேட்டு இவர்களைச் சிந்து மாநிலத்துச் சிந்திகளோடு சேர்த்துவிடக் கூடாது. ரோமாக்களுக்கும் ருமேனியா என்னும் பெயருக்கும் உறவில்லை. இவர்கள் பேசும் ரோமானி இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீர் அதில் ‘பானி', மனிதன் ‘மனுஷ்', ஐந்து ‘பஞ்ச்'. இந்தச் சொற்களைக் காட்டி இந்தியர்கள் உறவு கொண்டாடுவதுண்டு. அதில் தவறில்லை, ஆனால் சிண்டிகளுக்கு அவர்கள் மொழி பூர்விகத்தைக் காட்டும் பட்டயம் மட்டுமில்லை. உள்ளே யார், வெளியே யார் என்று பிரிக்கும் வீட்டுக் கதவும் அதுவே.

தமிழில் இவர்களைக் குறிக்க ‘ஜிப்சி' என்றோ ‘நாடோடி' என்றோ எழுதுவது வழக்கமாகிவிட்டது. இரண்டுமே வழிதவறச் செய்பவை. 1930களில் ஜெர்மனியில் வாழ்ந்த சிண்டிகளில் பலர் வாடகை வீடுகளில் குடியிருந்தவர்கள். இசைக்கலைஞர்கள், சிறு வணிகர்கள், கைவினைஞர்கள், முதல் உலகப் போரில் ஜெர்மன் சீருடை அணிந்து போரிட்டவர்கள். ஞாயிறுதோறும் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போனவர்கள். ஜெர்மானியர்கள் இவர்களைச் ‘சிகொய்னர்' என்றார்கள். அது வெறும் பெயராக இருந்ததில்லை. வசையாகவும் காவல் துறைக் கோப்பின் தலைப்பாகவும் இருந்தது. மெலானி ஸ்பிட்டாவின் முதல் படத்துக்குத் தலைப்பே ‘எங்களைச் சிகொய்னர் என்று ஏசாதீர்கள்' (1980). அடுத்தது ‘நாங்கள் சிண்டிப் பிள்ளைகள், சிகொய்னர் இல்லை' (1981). ஆனால் பின்னால் வந்த இரண்டு படங்களின் துணைத்தலைப்புகளில் அதே சொல் ‘சிண்டி'க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தொலைக்காட்சி பார்க்கும் ஜெர்மானியருக்கு அந்த நாளில் வேறு சொல் தெரியாது. தன்னை இழித்த சொல்லைக் கொண்டே தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய நிலை, படம் தொடங்கும் முன்பே தொடங்கிவிட்டது.

சிண்டிகளின் சமய வாழ்வு ஞாயிற்றுப் பூசையோடு முடிந்துவிடுவதில்லை. அதற்குக் கீழே இறந்தவர்களைப் பற்றிய தனி ஒழுக்கம் ஒன்று ஓடுகிறது. பிரான்சில் வாழும் மனூஷ் மக்கள் சிண்டிகளின் நெருங்கிய உறவினர். அவர்களோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய பத்ரிக் வில்லியம்ஸ் என்னும் மானிடவியலாளர் 1993இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ‘நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை' என்பது அதன் தலைப்பு. இறந்தவரின் உடைமைகளை எரிப்பார்கள், அல்லது யார் கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்துவார்கள். அவர் விரும்பி உண்டதை நெருங்கியவர்கள் உண்ணாமல் விடுவதுண்டு. அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொல்ல நேர்ந்தால் மெல்ல, பொறுப்போடு சொல்வார்கள். இறந்தவர்மேல் ஆணையிட்டுச் சொன்ன சொல்லுக்கு மேல் அவர்களிடையே உறுதியான சொல் இல்லை. எள்ளும் நீரும் இறைத்து மூன்று தலைமுறையின் பெயர்களை வாய்விட்டுச் சொல்வதே கடன் என்று வளர்ந்தவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். இரண்டின் வேரும் ஒன்றே. எள்நீர்ச் சடங்கில் நினைவு வாயில் தங்குகிறது. சிண்டி, மனூஷ் ஒழுக்கத்தில் வாயை மூடிக்கொள்வதில் தங்குகிறது. இறந்தவரைப் பற்றி ஒரு சொல் பிசகிச் சொன்னாலும் அவருக்கு அது குறைவு. அதனால் சொல்லாமல் விடுவதுதான் முழுமையான மரியாதை. மனூஷ்கள் மறந்துவிட்டார்கள் என்று வெளியார் எண்ணிய இடத்தில் வில்லியம்ஸ் கண்டது நினைவின் மிகக் கறாரான வடிவத்தை.

இந்த ஒழுக்கத்தோடு இன்னொன்றும் பின்னியிருக்கிறது. உடல் சார்ந்தவை பலவும் பெரியவர்கள் முன்னும் எதிர்பாலினர் முன்னும் பேசத் தகாதவை. வதைமுகாமில் தந்தையும் மகளும் ஒருவர் கண்முன் ஒருவர் ஆடை களைய நிறுத்தப்பட்டார்கள். பலருக்கு வலுக்கட்டாயமாகக் கருத்தடை செய்யப்பட்டது. பிழைத்து வந்தவர் அதைத் தன் பிள்ளைகளிடமே சொல்ல முடியாதபோது, போருக்குப் பின் இழப்பீட்டு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப்புறம் அமர்ந்திருக்கும் அதிகாரியிடம் எப்படிச் சொல்வார்?

அந்த மேசைக்கு அந்தப்புறம் இருந்ததோ போருக்கு முன்பே தொடங்கிய கோப்பு. 1936இல் மனநல மருத்துவர் ராபர்ட் ரிட்டர் தலைமையில் பெர்லினில் ஓர் இனநல ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அவருடைய ஆட்கள் முகாம் முகாமாகச் சென்று தலையை அளந்தார்கள், முகத்தை வார்ப்பெடுத்தார்கள், கண்ணின் நிறத்தைக் குறித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மூன்று கோணங்களில் படம் பிடித்தார்கள். பாட்டன் முப்பாட்டன் பெயர்களைக் கேட்டு வம்ச வரைபடங்கள் தீட்டினார்கள். திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் இதற்குப் பயன்பட்டன. ஆண்டவரின் பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளமாக எழுதிய வரி, ஆளைப் பிடித்துக் கொடுக்கும் வரியாயிற்று. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 24,000 பேரைப் பற்றி ‘முழுச் சிகொய்னர்', ‘கலப்புச் சிகொய்னர்' என்பதுபோன்ற தீர்ப்புகளை அந்த நிலையம் எழுதித் தள்ளியது. 1942 டிசம்பர் 16இல் நாஜி காவல் துறைத் தலைவர் ஹிம்லர் பிறப்பித்த ஆணைப்படி யாரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்புவது என்பதற்கு இந்தத் தாள்களே ஆதாரம். ஆஷ்விட்ஸின் பிர்கெனா முகாமில் இவர்களுக்கென ஒதுக்கிய பகுதிக்குள் ஏறத்தாழ 23,000 பேர் அடைக்கப்பட்டனர். 1944 ஆகஸ்ட் 2 இரவில் அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்தவர்களை நச்சுவாயு அறைகளுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட ரோமா, சிண்டி மக்களின் தொகை 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை மதிப்பிடப்படுகிறது.

ரிட்டரின் உதவியாளர் எவா யுஸ்டினுக்கு ரோமானி மொழி தெரியும். செந்நிறத் தலைமுடி கொண்ட அவரை மக்கள் ‘லோலிச்சாய்', அதாவது சிவந்த பெண் என்று தங்கள் மொழியிலேயே அழைத்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அவர். தாய்மொழியில் நலம் விசாரித்தவரிடம் மூதாட்டிகள் உறவுமுறைகளைச் சொன்னார்கள். சொன்ன ஒவ்வொரு பெயரும் பட்டியலில் ஏறியது. தங்கள் மொழியை வெளியாருக்குக் கற்றுத்தர இன்றும் பல சிண்டிகள் மறுப்பதற்கு இது ஒரு காரணம். மொழியியலாளர்கள் சிலர் அதைக் குறுகிய மனம் என்று குறை கூறுவதுண்டு. எவா யுஸ்டினின் பெயர் தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

தென்மேற்கு ஜெர்மனியில் முல்ஃபிங்கன் என்ற சிற்றூரில் கன்னியர் நடத்திய கத்தோலிக்கச் சிறார் இல்லம் ஒன்று இருந்தது. பெற்றோர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட சிண்டிப் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். எவா யுஸ்டின் தம் முனைவர் பட்டத்துக்காக அவர்களை ஆராய்ந்தார். ஆய்வு முடியும்வரை பிள்ளைகள் அங்கேயே விட்டுவைக்கப்பட்டார்கள். அவர்கள் விளையாடுவதைப் பதிவுசெய்த திரைச்சுருளும் எஞ்சியிருக்கிறது: வெயில், புல்தரை, ஓடும் பிள்ளைகள். ஆய்வேடு முடிந்ததும், 1944 மே மாதத்தில், 39 பிள்ளைகள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். பிழைத்தவர் நால்வர். ஆவணப்படம் என்றால் என்ன என்று யோசிப்பவர் தொடங்க வேண்டிய இடம் இந்தத் திரைச்சுருள். அதில் பொய்யான காட்சி ஒன்றுகூட இல்லை. வெயில் உண்மை, சிரிப்பும் உண்மை. யார், எதற்காகக் கேமராவைப் பிடித்திருந்தார் என்பது மட்டும் காட்சிச் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது.

போருக்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொண்டால்தான் மெலானி ஸ்பிட்டாவின் கோபம் புரியும். ரிட்டர் 1947 முதல் பிராங்க்பர்ட் நகரச் சுகாதாரத் துறையில் மருத்துவராக வேலை பார்த்து 1951இல் இறந்தார். யுஸ்டினையும் அதே துறை உளவியலாளராக அமர்த்திக்கொண்டது. அவர்மேல் தொடங்கிய விசாரணை 1960இல் கைவிடப்பட்டது. பவேரியாவில் 1953இல் ‘ஊர்சுற்றிகள்' மீது ஒரு புதிய சட்டம் வந்தது, காவல் துறையின் பழைய கோப்புகள் புதிய பெயரில் தொடர்ந்தன. இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் கருத்துரைக்காக அந்தக் காவல் துறைக்கே போயின. பிடித்துக் கொடுத்தவரிடமே ‘இவர் பிடிக்கப்பட்டது நியாயமா' என்று கேட்டார்கள். 1956 ஜனவரி 7இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் இதற்கு முத்திரை குத்தியது. 1943 மார்ச்சுக்கு முன் சிண்டி, ரோமா மக்கள் நாடுகடத்தப்பட்டது இனப்பகையால் நடந்ததில்லை, குற்றத் தடுப்பு நடவடிக்கையே என்றது அத்தீர்ப்பு. அதற்குக் காரணமாக அந்த மக்களின் இயல்பைப் பற்றி அது எழுதிய வரிகளை ரிட்டரே எழுதியிருக்கலாம். 1963இல் நீதிமன்றம் நிலையை ஓரளவு மாற்றிக்கொண்டது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். பலர் சலித்துப்போய் மனுப்போடுவதையே விட்டிருந்தார்கள்.

இங்கே இந்த வழக்கு, அறிவு எப்படிக் கிடைக்கிறது என்னும் பழைய தத்துவக் கேள்விக்குள் நுழைகிறது. சைவ சித்தாந்த நூல்கள் அளவைகளை மூன்றாகச் சுருக்கிச் சொல்லும்: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பதும் காரணம் கொண்டு ஊகிப்பதும் போக, நம்பத் தகுந்தவர் சொல்லைக் கேட்டு அறிவதும் அறிவே. யார் நம்பத் தகுந்தவர் என்பதுதான் இதில் இடறும் இடம். உள்ளதை உள்ளபடி அறிந்தவராக இருக்க வேண்டும். அறிந்ததைப் பிறழாமல் சொல்பவராகவும் இருக்க வேண்டும். மேற்கு ஜெர்மன் அலுவலகங்கள் இந்த இரண்டு தகுதியையும் தலைகீழாக்கின. முகாமில் இருந்தவர் ‘தன் காரியத்துக்காகப் பேசுபவர்' ஆனார்; முகாமுக்கு அனுப்பியவர் ‘துறை வல்லுநர்' ஆனார். சொல்லைக் கேட்கும் முன்பே சொல்பவரின் இனத்தைப் பார்த்து அதன் மதிப்பைக் குறைத்துவிடுவது தனி வகை அநீதி என்று ஆங்கிலத் தத்துவவாதி மிராண்டா பிரிக்கர் 2007இல் விரிவாக எழுதினார். பிழைத்தவர்கள் அந்த அநீதியை நூல் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அனுபவித்துவிட்டிருந்தார்கள். அவர்களிடையே இருந்த மௌனத்தை அரசு சாட்சியின்மை என்று படித்தது. பேசியவர்களின் பேச்சைப் பொய் என்று படித்தது. தாளில் இருப்பது மட்டுமே மெய்யாக மிஞ்சியது.

மெலானி ஸ்பிட்டாவின் தாய் ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்து வந்தவர். குடும்பத்தில் பலர் திரும்பவில்லை. போர் முடிந்த மறு ஆண்டு பிறந்த மகளுக்கு முகாம் நேரடி அனுபவமில்லை. ஆனால் அது பேசப்படாமல் இருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். திரைப்படப் பள்ளியில் பயின்று இயக்குநராக வந்தவரும் இல்லை. தொழில்நுட்பமும் தயாரிப்பும் சேபோல்டின் பொறுப்பு. கேள்வியும் நம்பிக்கையும் ஸ்பிட்டாவின் பங்கு. முதல் இரண்டு படங்கள் அன்றைய ஜெர்மனியில் சிண்டி இளைஞர்களும் பிள்ளைகளும் வாழும் வாழ்க்கையைப் பார்த்தன. சமூகப் பிரச்சினைப் படங்கள் என்ற வகையில் அவற்றை அடக்கிவிடலாம். மூன்றாவது படத்தில்தான் கேள்வி ஆழம் போயிற்று.

அந்தக் காலம் அதற்குச் சாதகமாக இருந்தது. 1980 புனித வெள்ளியன்று சிண்டிகள் குழு ஒன்று டாஹாவ் வதைமுகாம் நினைவிடத்தில் உண்ணாநோன்பைத் தொடங்கியது. நோன்பு நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுத்ததில் அரசியலும் சமயமும் கலந்திருந்தன. 1981 செப்டம்பர் 1இல் பிழைத்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு ட்யூபிங்கன் பல்கலைக்கழகக் காப்பகத்துக்குள் புகுந்து உட்கார்ந்தது. ரிட்டரின் கோப்புகளில் ஒரு பகுதி, அவருடன் பணியாற்றிய ஒரு மானிடவியலாளர் வழியாக அங்கே ‘ஆய்வுப் பொருளாக'க் கிடந்தது. அன்றே அவை நடுவண் அரசின் ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. 1982 மார்ச் 17இல் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் நடந்தது இனப்படுகொலை என்று முதன்முறையாக அரசின் சார்பில் ஒப்புக்கொண்டார்.

‘அது இரவும் பகலும் நடந்தது, குழந்தாய்' என்பது மூன்றாவது படம். 1982இல் வெளிவந்தது. ஆஷ்விட்ஸில் சிண்டிகளுக்கு நேர்ந்ததைப் பிழைத்தவர்களே சொல்கிறார்கள். தலைப்பே இந்தக் கட்டுரையின் கேள்விக்குப் பாதி பதில். எது நடந்தது என்று தலைப்பு சொல்லவில்லை. ‘அது' என்று நிறுத்திக்கொள்கிறது. யாரிடம் சொல்லப்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறது: குழந்தாய். விசாரணை அதிகாரியையோ பொதுமக்களையோ அது விளிக்கவில்லை. பெரியவர் தம் இனத்துப் பெண் ஒருத்தியை விளிக்கும் விளி அது. கேமரா பக்கத்தில் இருக்கிறது, ஆனால் பேச்சு அதை நோக்கிப் போகவில்லை. பேசத் தகாதது என்று மரபு விலக்கியிருப்பது வெளியார் முன் வாய்விட்டுச் சொல்வதை. ஒரு குடும்பத்துக்குள் மூத்தவர் இளையவருக்கு உரிய அளவில் உணர்த்துவதற்கு அங்கே இடம் உண்டு. ஸ்பிட்டா அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். அதனால் படம் பார்ப்பவர் இன்னொரு வீட்டுப் பேச்சை ஓரமாக நின்று கேட்கும் விருந்தாளியாகிறார். சொல்லாமல் விட்டவையும் அந்தப் பேச்சில் தெரிகின்றன. ஒருவர் பாதியில் நிறுத்தினால் அந்த நிறுத்தத்தை நிரப்பும்படி அவரை யாரும் நெருக்கவில்லை.

ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்த இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி 1986இல் எழுதிய கடைசி நூலில் ஒரு சங்கடமான கருத்தைச் சொன்னார்: முகாமின் அடியாழத்தைத் தொட்டவர்கள் திரும்பி வரவில்லை, அவர்களே முழுச் சாட்சிகள், திரும்பி வந்தவர்கள் அவர்களுக்கு மாற்றாகப் பேசுபவர்கள் மட்டுமே. சிண்டி ஒழுக்கம் இதை வேறு வழியில் முன்பே அறிந்திருந்தது. இறந்தவருக்காகப் பேசும் உரிமை யாருக்கும் முழுதாக இல்லை. அதனால்தான் அவர் பெயரில் சொல்லும் சொல் ஆணைக்குச் சமம். அப்படிப் பார்த்தால் இந்தப் படங்களில் பேசுவோர் நீதிமன்றச் சாட்சிகளைவிடக் கடுமையான கட்டுப்பாட்டில் பேசுகிறார்கள். நீதிமன்றத்தில் பொய் சொன்னவருக்குத் தண்டனை சட்டத்தில் இருக்கிறது. இங்கே இறந்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்காவது படம் ‘பொய்ச் சொல்' (1987). துணைத்தலைப்பு, சிண்டிகளுக்கு ஜெர்மனி இழப்பீடு செய்ததா என்று கேள்விக்குறியோடு கேட்கிறது. இழப்பீட்டுக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் சொல்லுக்கு ‘மறுபடி நல்லதாக்குதல்' என்று பொருள். தமிழில் இதற்கு அருகில் வரும் சமயச் சொல் கழுவாய். ஆனால் கழுவாய் தேடுபவர் முதலில் தம் குற்றத்தைத் தாமே சொல்ல வேண்டும். இங்கே குற்றம் செய்த தரப்பு வாய் திறக்கவில்லை. துன்பப்பட்டவர்தான் தம் துன்பத்துக்குச் சான்றிதழ் கொண்டுவர வேண்டியிருந்தது. சடங்கு தலைகீழாகிப்போன பிறகு பணம் எவ்வளவு கொடுத்தாலும் அது கழுவாய் ஆகாது. கொடுத்ததும் அதிகமில்லை. படத்தின் தலைப்பு குறிக்கும் பொய்ச் சொல் நாஜிகளோடு முடிந்துபோனதில்லை. ‘சமூக விரோதி', ‘குற்றத் தடுப்பு' என்று போருக்குப் பிந்தைய கோப்பிலும் தீர்ப்பிலும் அது உயிரோடு இருந்ததைப் படம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது.

இந்தப் படம் எடுத்த ஒரு முடிவு இன்றும் விவாதத்துக்குரியது. காவலர்களும் இன ஆய்வாளர்களும் எடுத்த படங்களை அது பயன்படுத்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் யூதப் படுகொலை பற்றி வந்த, பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் லான்ஸ்மனின் ‘ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம், பழைய ஆவணக் காட்சி ஒன்றைக்கூட அவர் சேர்க்கவில்லை. கொலைகாரனின் கண்ணால் பார்க்க மறுப்பது அவருடைய அறம். ஸ்பிட்டாவுக்கும் சேபோல்டுக்கும் அந்த வசதி இல்லை. யூதப் படுகொலையை 1985இல் ஜெர்மன் அரசோ நீதிமன்றமோ மறுக்கவில்லை. 1982இன் ஒப்புதலுக்குப் பிறகும் சிண்டிகளுக்கு நடந்தது நடந்ததா என்பதே கேள்வியாக இருந்தது. எனவே எதிராளியின் கையெழுத்தை எதிராளியிடமே காட்ட வேண்டியிருந்தது. மூன்று கோணத்தில் பிடித்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு குரல் வந்து இவர் இன்னார், இன்னாருடைய உறவு என்று சொல்லும்போது, அளவெடுத்த மாதிரி மறுபடி மனிதராகிறார். விலை கொடுத்துத்தான் இதைச் செய்ய முடியும்: இறந்தவரின் முகத்தை, அவர் அவமானப்பட்ட கணத்திலேயே, அந்நியர் முன் வைக்க வேண்டும். லான்ஸ்மன் சரியா, ஸ்பிட்டா சரியா என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வது வீண். நம்பப்பட்டவர்கள் படங்களை மறுக்கலாம். நம்பப்படாதவர்களுக்கு அந்த உரிமை பிறகுதான் கிடைக்கிறது.

குரல் இல்லாத முகம் என்னவாகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமில் 1944 மே 19இல் எடுத்த திரைச்சுருளில் சரக்கு வண்டிக் கதவின் இடுக்கில் தலைத்துணி கட்டிய ஒரு சிறுமி சில நொடிகள் எட்டிப் பார்க்கிறாள். அந்தக் காட்சி உலகமெங்கும் யூதப் படுகொலையின் அடையாளமாயிற்று. ‘யூதச் சிறுமி' என்றே ஐம்பது ஆண்டுகள் அச்சிட்டார்கள். டச்சுப் பத்திரிகையாளர் ஆத் வாகனார் விடாமல் தேடி 1994இல் அவள் யாரென்று கண்டுபிடித்தார். ஒன்பது வயதுச் செட்டெலா ஸ்டைன்பாஹ், சிண்டிப் பெண். உலகம் மிக அதிகமாகப் பார்த்த முகங்களில் ஒன்று. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

படச்சுருளே குற்றத்தில் பங்கேற்ற கதையும் உண்டு. ஹிட்லர் காலத்து இயக்குநர் லெனி ரீஃபென்ஷ்டால் தம் ‘டீஃப்லாண்ட்' படத்துக்காகச் சால்ஸ்பர்க் அருகே மாக்ஸ்கிளான் முகாமிலும் பெர்லினின் மார்ட்சான் முகாமிலும் அடைபட்டிருந்த சிண்டி, ரோமா மக்களைத் துணைநடிகர்களாகக் கொண்டுவந்தார். ஸ்பானிய முகச்சாயல் தேவைப்பட்டதாம். அவர்களில் பலர் பின்னர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். ஆவணப்பட இயக்குநர் நீனா கிளாடிட்ஸ் 1982இல் பிழைத்தவர்களைப் பேசவைத்து இதைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ரீஃபென்ஷ்டால் வழக்குத் தொடர்ந்தார். அதன்பின் கிளாடிட்ஸின் படம் பெட்டிக்குள் முடங்கியது. அங்கேயும் யாருடைய சொல் எடைபெறும் என்பதே வழக்கு.

ரோமா உலகைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் பெயர்பெற்றவர் டோனி கத்லிஃப். அவருடைய ‘லாச்சோ த்ரோம்' (1993) ராஜஸ்தானில் தொடங்கி எகிப்து, துருக்கி, கிழக்கு ஐரோப்பா, பிரான்ஸ் வழியாக ஸ்பெயினில் முடிகிறது. ‘நல்ல வழி' என்று வாழ்த்துவது போன்ற தலைப்பு. பேச்சே அநேகமாக இல்லை, பாட்டும் ஆட்டமும்தான். மிக அழகான படம். அந்த அழகே அதன் ஆபத்தும். பார்த்து முடித்தவர் ஒரு மக்களை அறிந்துகொண்டதாக எண்ணி எழுந்து போகலாம். ஆனால் நடுவில் முதியவள் ஒருத்தி பாடுகிறாள். கையில் ஆஷ்விட்ஸ் எண் பச்சை குத்தியிருக்கிறது. விளக்கம் ஏதுமில்லை. சொல்ல முடியாததைப் பாட்டில் வைப்பது ரோமா மரபின் இன்னொரு வழி. பாட்டு உள்ளத்தைத் தொடும். இழப்பீட்டு அலுவலகத்தை அது தொடாது. ஸ்பிட்டா உரைநடையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம் என்று கொள்ளலாம்.

ஆக, மரபு குலைந்ததா? மௌனம் என்பது ஒன்றே ஒன்று இல்லை. இறந்தவருக்காக உறவினர் காக்கும் மௌனம் ஒன்று. கொன்றவர் தம்மைக் காத்துக்கொள்ளக் கடைப்பிடிக்கும் மௌனம் இன்னொன்று. 1945க்குப் பின் ஜெர்மனியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. முதலாவதை அப்படியே வைத்திருந்தால் அது இரண்டாவதற்கு மறைப்பாகிவிடும் என்ற கட்டத்தில்தான் ஸ்பிட்டா பேசவைத்தார். பேசியவர்கள் இறந்தவரை அம்பலப்படுத்தவில்லை. இறந்தவரைப் பற்றிக் கொன்றவர் எழுதிவைத்த சொல்லை எடுத்தெறிந்தார்கள். பெயரை உச்சரிப்பது குறைவு என்றால், ‘சமூக விரோதி' என்ற பெயரில் அவரைக் கிடத்தி வைப்பது அதைவிடப் பெரிய குறைவு. இந்த நியாயத்தை எல்லாச் சிண்டிகளும் ஏற்க வேண்டியதில்லை. கேமரா முன் வர மறுத்த மூத்தவரும் தம் கடனைத்தான் செய்தார்.

2012 அக்டோபரில் பெர்லினில் நாடாளுமன்றத்துக்கு அருகே சிற்பி டானி காரவன் வடிவமைத்த, கொல்லப்பட்ட சிண்டி, ரோமா மக்களுக்கான நினைவிடம் திறக்கப்பட்டது. கரிய வட்டக் குளம். நடுவில் முக்கோணக் கல். அதன்மேல் நாள்தோறும் ஒரு புதிய பூ. 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பை வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று அதே உச்ச நீதிமன்றத்தின் தலைவர் பெட்டினா லிம்பெர்க் 2015இல் சொன்னார். மெலானி ஸ்பிட்டா இறந்து அப்போது ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகியிருந்தன.